வார்டுக்குள் வந்த கணினி: வாசகர் கேள்வி – பதில்

மருத்துவமனைகளில் கேஸ் ஷீட் இருந்த இடத்துக்குக் கணினித் திரை வந்துகொண்டிருப்பது பற்றி, அங்கே பணிபுரிவோரும் சிகிச்சைக்குச் செல்வோரும் தங்கள் அனுபவங்களை எழுதியனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை, எழுதியவர்களின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் நீக்கி வெளியிடுகிறோம். பதில் எழுதியிருப்பவர் பொது மருத்துவர். கொங்குப் பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்குப் பல ஆண்டுகள் பொறுப்பாக இருந்தவர்.

கேள்வி: இருநூறு படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் வேலை செய்கிறேன். எட்டு மாதங்களாக எல்லாவற்றையும் கணினியில் ஏற்றச் சொல்கிறார்கள். ஆனால் டி.பி.ஆர். சார்ட் (காய்ச்சல், நாடி, சுவாசக் குறிப்பு), நர்ஸஸ் நோட்ஸ், மருந்துச் சார்ட் ஆகியவற்றைக் காகிதத்திலும் எழுதியாக வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து என்ட்ரி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். "உங்களுக்கு டைப்பிங் வேகம் போதாது" என்று பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள். குறை எங்களிடமா?
— ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

பதில்: உங்களிடம் இல்லை, சகோதரி. ஒரே வேலையை இரண்டு முறை செய்யச் சொன்னால், எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்பவரும் அதை இரண்டு முறைதான் செய்தாக வேண்டும். கணினி வந்ததால் வேலை கூடிவிட்டது என்று எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை, துருவிப் பார்த்தால், கணினியைப் பற்றிய புகார்கள் அல்ல. காகிதத்தை நிறுத்தும் துணிவு நிர்வாகத்துக்கு இல்லாததைப் பற்றிய புகார்கள்.

எங்கள் மருத்துவமனையில் மென்பொருள் வந்த முதல் ஆண்டில், ஆண்கள் பொது வார்டில் இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் ஒருவரின் இடது முன்கையில் நான்கு விரற்கடை நீளத்துக்கு மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒட்டியிருப்பதைக் கண்டு, காயமா என்று விசாரித்தேன். காயம் இல்லை. பிளாஸ்திரியின் மேல் பால்பாயின்ட் பேனாவால் படுக்கை எண், காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பொடி எழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கணினி இருந்தது நர்ஸ் ஸ்டேஷனில் ஒன்றே ஒன்று. அதிலும் பில்லிங் பிரிவிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே முதலில் பிளாஸ்திரி, பிறகு காகிதச் சார்ட், விடிந்த பிறகு கணினி என்று ஒரே எண் மூன்று இடங்களில் ஏறிக்கொண்டிருந்தது.

இதில் நேர விரயம் மட்டுமன்றி ஆபத்தும் உண்டு என்பது ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில் தெரிந்தது. ஆறு மணிக்கு எடுத்த 102 டிகிரி, ஒன்பது இருபதுக்குத்தான் கணினியில் பதியப்பட்டிருந்தது. அந்த மென்பொருளோ பதிந்த நேரத்தையே காய்ச்சல் எடுத்த நேரமாகக் காட்டியது. இடையில் ஏழு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சலும் இறங்கியிருந்தது. திரையை மட்டும் பார்த்த மருத்துவர், மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்தும் 102 இருக்கிறதே என்று ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி உள்ளதா என்ற பரிசோதனை) எழுதிவிட்டு ஆன்டிபயாட்டிக்கை மாற்ற முற்பட்டார். "டாக்டர், ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்" என்று சிஸ்டர் சொன்னதால் அது நின்றது. எடுத்த நேரம், பதிந்த நேரம் என்று இரண்டு கட்டங்களைத் தனித்தனியே வைக்கச் சொல்லி மென்பொருள் நிறுவனத்திடம் வாதாடியே எங்களுக்கு நான்கு மாதம் போயிற்று.

காகிதத்தை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால், சட்டத்துக்கு அதுதான் வேண்டும் என்பார்கள். ஆனால் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு அளித்துவிட்டது. மருத்துவர்களின் நடத்தை குறித்த 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளே, பதிவேடுகளைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமும் உரிய சான்றிதழுடன் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்கிறது. யார், எப்போது பதிந்தார், பின்னர் யார் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் திருத்தி வெளியிட்ட தரநிலைகளும் அதை வலியுறுத்துகின்றன.

உங்கள் வார்டு இன்சார்ஜுடன் சேர்ந்து ஒரு வாரம் கணக்கெடுங்கள்: எந்தெந்தத் தகவல் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது, அதைப் பிறகு வாசிப்பவர் யார். நாங்கள் எடுத்தபோது, பதினொரு படிவங்களில் நான்கை எழுதியவரைத் தவிர வேறு எவரும் புரட்டியதில்லை என்று தெரிந்தது. அந்தத் தாளோடு போய்ப் பேசினால் டைப்பிங் வகுப்பைப் பற்றிய பேச்சு அடங்கும்.

கேள்வி: மருந்து எழுதும் ஒவ்வொரு முறையும் திரையில் எச்சரிக்கைப் பெட்டி எழும்புகிறது. பாராசிட்டமால் எழுதினால்கூட ஏதோ ஒன்று வருகிறது. இப்போதெல்லாம் வாசிக்காமலேயே "ஓ.கே." அழுத்திவிடுகிறேன். இது தவறு என்று தெரிகிறது. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.
— டூட்டி டாக்டர், திருச்சி

பதில்: உங்களைப் போலத்தான் உலகம் முழுவதும் அழுத்துகிறார்கள். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அவற்றில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்களால் தள்ளிவிடப்படுவதாகக் காட்டியது. புலி வருகிறது என்று நாள் முழுவதும் கத்தும் இயந்திரத்தின் குரலுக்கு எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அப்படித் திரும்பிப் பார்க்காததால் என்ன ஆகும் என்பதற்கு, சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் 2013-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தொற்றுத் தடுப்புக்காக நாம் செப்ட்ரான் என்று அறியும் மாத்திரை, வேளைக்கு ஒன்று, தினமும் இரு வேளை. அவன் எடை 38.6 கிலோ. நாற்பது கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு எடைக் கணக்கில்தான் மருந்து எழுத வேண்டும் என்பது அங்கே விதி. எடைக் கணக்குப்படி வந்த அளவு மாத்திரையின் அளவோடு பொருந்தாததால், 160 மில்லிகிராம் மாத்திரை என்றே திருத்தி எழுதுமாறு மருந்தாளுநர் கேட்டார். இளம் மருத்துவர் 160 என்று தட்டினார். ஆனால் பக்கத்துக் கட்டத்தில் அலகு "கிலோவுக்கு மில்லிகிராம்" என்றே நின்றுகொண்டிருந்தது. கணினி 160-ஐ 38.6-ஆல் பெருக்கியது, ஒரு மாத்திரைக்குப் பதில் முப்பத்தெட்டரை மாத்திரைகள் என்று ஆணை போயிற்று.

எச்சரிக்கை வராமல் இல்லை. மருத்துவருக்கும் வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. நூற்றுக்கணக்கான மற்ற எச்சரிக்கைகளின் அதே உருவில் வந்ததால் இருவரும் கடந்து போனார்கள். மாத்திரைகளை எடுத்துப் பொட்டலம் கட்டியது ஓர் இயந்திரம். அதற்கு முப்பத்தெட்டு என்ற எண்ணிக்கையில் வியப்பு ஏதுமில்லை. இத்தனை மாத்திரையா என்று செவிலியருக்கு உறுத்தியது. ஆனால் பார்கோடு கருவியில் காட்டியபோது, ஆணையிட்டதும் கையில் இருப்பதும் ஒன்றே என்று அது உறுதி சொன்னது. உண்மைதான், ஆணையும் மாத்திரையும் பொருந்தின, ஆணைதான் பிழை. சிறுவனுக்கு வலிப்பு வந்து மூச்சு நின்றது. பிறகு பிழைத்து நலமடைந்தான். இதை மூடி மறைக்காமல் வெளியுலகம் அறிய அந்த மருத்துவமனை இடம் கொடுத்தது.

உங்கள் மருத்துவமனையில் செய்யக்கூடியது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எந்த எச்சரிக்கை எத்தனை முறை தள்ளப்பட்டது என்ற பட்டியலை எடுத்து, எப்போதும் தள்ளப்படுபவற்றை நிறுத்திவிடுவது. உயிருக்கு உலை வைக்கும் பத்துப் பதினைந்துக்கு மட்டும் வேறு நிறமும், காரணம் எழுதாமல் நகர முடியாத தடையும் வைக்கலாம். நிறுவனங்கள் இதற்கு எளிதில் இணங்குவதில்லை. எச்சரிக்கையை எடுத்துவிட்டால் வழக்கு வரும் என்று அஞ்சுகிறார்கள். அதுவரை உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: எண்ணைத் தட்டியதும் அதன் அலகை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் பார்க்கும் எங்கள் டாக்டர் இப்போது என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கேள்வி என்னிடம், கண் கணினியிடம். நாடியைக்கூட நர்ஸ்தான் பிடிக்கிறார்.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

பதில்: அவருக்கும் அது பிடித்திருக்காது, ஐயா. அமெரிக்காவில் 57 மருத்துவர்களின் வேலை நேரத்தைக் கூடவே இருந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வு, நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போவதாகக் கண்டது. போதாததற்கு இரவில் வீட்டிலும் ஒன்றிரண்டு மணி நேரம். அங்குள்ள மருத்துவர்கள் அதைப் பைஜாமா நேரம் என்று கசப்போடு சொல்வதுண்டு. அவசர சிகிச்சைப் பிரிவில் பத்து மணி நேரப் பணியில் ஒரு மருத்துவர் சுமார் 4,000 முறை மவுஸை அழுத்துகிறார் என்று 2013-இல் கணக்கிட்டார்கள்.

மேசையின் நிலையை மாற்றுவதிலேயே பாதிக் குறை தீரும். பல அறைகளில் மின்சார பிளக் எங்கே இருக்கிறதோ அங்கே கணினியை வைத்திருக்கிறார்கள். மருத்துவர் நோயாளிக்கு முதுகையோ தோளையோ காட்டித்தான் உட்கார முடியும். திரையை இருவரும் பார்க்கும்படி திருப்பி வைத்து, "நீங்கள் சொன்னதை இப்படி எழுதியிருக்கிறேன்" என்று காட்டும் மருத்துவர்களிடம் இந்தப் புகார் வருவதில்லை. அடுத்த முறை போகும்போது, "என்ன எழுதினீர்கள் டாக்டர், நானும் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். முப்பது ஆண்டுப் பழக்கம், தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

கேள்வி: சர்க்கரை நோயால் என் தாயாரின் வலது கால் கட்டை விரலை அகற்றினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "கை கால்கள் இயல்பாக உள்ளன" என்று இருக்கிறது. கேட்டதற்கு, "சிஸ்டத்தில் அப்படித்தான் வரும்" என்றார்கள்.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: சிஸ்டத்தில் தானாக எதுவும் வராது. சேர்க்கைக் குறிப்புக்கான வார்ப்பில் (டெம்ப்ளேட்) "இயல்பு" என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்பார்கள்; மாறியிருந்தால் மட்டும் திருத்த வேண்டும். சேர்க்கை நாளின் அவசரத்தில் திருத்தாமல் விட்டதை, மறுநாள் குறிப்பை எழுதுபவர் நேற்றையதிலிருந்து நகலெடுத்து ஒட்டுவார். அது ஒவ்வொரு நாளும் ஒட்டப்பட்டுக் கடைசியில் சம்மரியில் வந்து உட்காரும். முன்பு கையால் எழுதிய காலத்தில் சோம்பேறித்தனம் குறிப்பைச் சுருக்கியது. இப்போது அதே சோம்பேறித்தனம் குறிப்பை நீட்டுகிறது.

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அன்றாடக் குறிப்புகளை எழுத்தெழுத்தாக ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். புதிதாகத் தட்டப்பட்டவை 18 விழுக்காடுதான். 46 விழுக்காடு முந்தைய குறிப்பிலிருந்து ஒட்டப்பட்டவை, மிச்சம் 36 விழுக்காடு பரிசோதனை முடிவு போலக் கணினியே இழுத்து வந்து நிரப்பியவை. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968-இல், நோயாளியின் ஒவ்வொரு பிரச்சினையையும் தனித்தனியே பெயரிட்டு, அதற்கான கண்டறிதலையும் திட்டத்தையும் அதனதன் கீழ் எழுதும் முறையை வகுத்தார். இன்றைய மருத்துவ மாணவர்கள் குறிப்பெழுதக் கற்பதும் அதன் வழியில்தான். எழுதுபவரைச் சிந்திக்க வைப்பது அவர் நோக்கம். ஒட்டுவதில் சிந்திக்க ஒன்றுமில்லை.

நீங்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. நாளைக்குக் காப்பீட்டிலோ அடுத்த மருத்துவமனையிலோ இதே வரி உங்கள் தாயாருக்கு எதிராக நிற்கும். பிழையைச் சுட்டிக்காட்டி மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பழைய வரியை அழிக்காமல், தேதியுடனும் மருத்துவரின் பெயருடனும் திருத்தக் குறிப்பைச் சேர்ப்பதே முறை. பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மேலே சொன்ன 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன.

கேள்வி: துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவு, தடுப்பூசிப் பதிவு, தொற்றாநோய்ப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம், ஒரு கடவுச்சொல். பகலில் வீடு வீடாகப் போய் நோட்டில் எழுதிக்கொண்டு, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஏற்றுகிறேன். எங்கள் ஊரில் சிக்னல் வருவது மொட்டை மாடியில்தான்.
— கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: நகரத்து மருத்துவமனைகளில் கணினிச் சுமை பற்றிப் பேசுபவர்கள் உங்கள் மொட்டை மாடியை ஒரு முறை பார்த்துவிட்டுப் பேச வேண்டும். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அத்தனை பேரின் கர்ப்பமும் பிரசவமும் தடுப்பூசியும் உங்கள் விரல் நுனி வழியாகத்தான் சென்னைக்குப் போய்ச் சேர்கின்றன. பிக்மி பதிவில் கிடைக்கும் பன்னிரண்டு இலக்க எண் இல்லாவிட்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம் வராது. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஆகவே ஒரு பெண்ணின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், ஆறு மாதம் கழித்து அவள் கணவர் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

அந்தப் பதிவால் பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். ரத்தசோகையோ ரத்தக் கொதிப்போ உள்ள கர்ப்பிணி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டால், முன்பு அவள் எங்கே என்றே தெரியாது. இப்போது அந்த ஊர்ச் செவிலியரால் எண்ணை வைத்துத் தேட முடிகிறது. தாய் வீட்டுக்குப் போகும் வழக்கம் உள்ள நம் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

ஆனால் ஒரே பெண்ணின் பெயர், வயது, முகவரியை மூன்று தளங்களில் மூன்று முறை தட்ட வைப்பது வடிவமைத்தவர்களின் குற்றம். சிக்னல் இல்லாதபோது கைப்பேசியிலேயே சேமித்து, கிடைத்தபோது தானாக அனுப்பும் வசதி இல்லாத செயலியைக் கிராமத்துக்குக் கொடுக்கவே கூடாது. உங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூடுதல் பணியிடத்தோடு இவ்விரண்டையும் சேருங்கள். இரவில் ஏற்றும் நேரத்தைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பணி நேரம் பற்றிய பேச்சில் அது உதவும்.

கேள்வி: அமெரிக்காவில் செவிலியராக இருக்கிறேன். இங்கே காகிதமே இல்லை. ஆனால் புலம்பல் அங்குள்ளதைவிடக் குறைவில்லை. தங்கள் கணினியை விரும்பும் மருத்துவமனை ஊழியர்கள் எங்காவது உண்டா?
— செவிலியர், டெக்சஸ்

பதில்: இருந்தார்கள், உங்கள் நாட்டிலேயே. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் விஸ்டா என்ற கணினிப் பதிவேட்டு முறை 1970-களின் இறுதியிலிருந்து வளர்ந்தது. மருத்துவமனைகளுக்குள்ளேயே இருந்த நிரலாளர்களும் மருத்துவர்களும், மேலிடம் முகம் சுளித்தபோதும், காலையில் வார்டில் கேட்டதை மாலையில் எழுதித் தந்து உருவாக்கியது அது. பார்க்க அழகாக இருக்காது, பயன்படுத்தியவர்கள் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

அதில் எனக்குப் பிடித்த கதை சூ கின்னிக் என்ற செவிலியருடையது. கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் படைவீரர் மருத்துவமனையில் இருந்தவர். 1990-களின் தொடக்கத்தில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஊழியர் கையிலிருந்த கருவியால் காரின் பார்கோடைப் படித்து ஒரு நொடியில் கணக்கை முடிப்பதைப் பார்த்தார். காருக்குச் செய்ய முடிவதை நோயாளிக்கு ஏன் செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் மருந்துப் பொட்டலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே மருந்து கொடுக்கும் முறை அவர் மருத்துவமனையில் அப்படித்தான் தொடங்கியது. பத்தாண்டுக்குள் நாடு முழுவதுமுள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்குப் பரவியது. மருந்து கொடுப்பவர் யோசித்ததால், கருவி மருந்து கொடுக்கும் இடத்துக்கே வந்தது.

மற்ற மருத்துவமனைகளின் கதை வேறு. 2009-இல் அரசு கணினிப் பதிவேடுகளுக்கு ஊக்கத்தொகை அறிவித்தது. குறித்த காலத்துக்குள் நிறுவினால் பணம், தவறினால் பின்னாளில் பிடித்தம். எல்லோரும் அவசரமாக வாங்கினார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில் போட எது தேவையோ அது முன்னால் நின்றது. உங்கள் வார்டின் தேவை பின்னால் போயிற்று. மருத்துவர்கள் பொறுக்காமல் எழுந்ததும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில், கணினி வழியாகவே மருந்து எழுத வேண்டும் என்று கொண்டுவந்ததை, மருத்துவர்களின் எதிர்ப்பால் சில மாதங்களிலேயே, 2003 தொடக்கத்தில், நிறுத்தினார்கள்.

பிறகு படைவீரர் மருத்துவமனைகளில் விஸ்டாவையே மாற்ற முடிவெடுத்தார்கள். புதிய வணிக மென்பொருள் 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேனில் தொடங்கியது. அங்கே நடந்ததைப் படைவீரர் துறையின் கண்காணிப்பு அலுவலகம் 2022-இல் அறிக்கையாக வெளியிட்டது. மருத்துவர் எழுதும் பரிசோதனை, பரிந்துரை போன்ற ஆணைகளில், சேர வேண்டிய இடம் சரியாகப் பொருந்தாதவை திருப்பி அனுப்பப்படாமல், யாருக்கும் தெரியாத ஒரு வரிசையில் போய் விழுந்துகொண்டிருந்தன. எழுதிய மருத்துவருக்கு, போய்ச் சேரவில்லை என்ற தகவல் வராது. அப்படி விழுந்தவை 11,000-க்கும் மேல். பாதிக்கப்பட்டோராக அடையாளம் காணப்பட்டவர்கள் 149 பேர். 2023 ஏப்ரலில் மற்ற மருத்துவமனைகளுக்கு விரிவாக்குவதை நிறுத்திவைத்தார்கள். காகிதத்தில் எழுதிய இன்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) தொலைந்தால் வார்டு பாய் மேல் கோபப்பட்டுத் தேடலாம். இதில் தேடுவதற்கே தோன்றாது. திரையில் "அனுப்பப்பட்டது" என்று இருக்கும்.

கேள்வி: சீனியர் டாக்டர் தன் கடவுச்சொல்லை எங்களிடம் கொடுத்து, தன் பெயரில் ஆணை போடச் சொல்கிறார். வார்டில் எல்லோருக்கும் அந்தக் கடவுச்சொல் தெரியும்.
— முதுநிலை மாணவர், சென்னை

பதில்: போடாதீர்கள். வழக்கு வந்தால், அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார் என்றும் வார்டில் இருந்தது நீங்கள் என்றும் நிரூபிக்க அரை மணி போதும். "சீனியர் டாக்டர் தொலைபேசியில் சொன்னபடி" என்று குறித்து உங்கள் பெயரில் பதிந்து, அவர் வந்ததும் ஒப்புதல் வாங்குங்கள். வாய்மொழி ஆணைக்கு மென்பொருளில் இடமில்லையென்றால், அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் சர்வர் நின்றுபோனால் ஓ.பி. முழுவதும் நின்றுவிடுகிறது. பழைய ஊழியர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். காகிதத்தில் எப்படி நடத்துவது என்பதே புதியவர்களுக்குத் தெரியவில்லை.
— நிர்வாக அலுவலர், ஈரோடு

பதில்: 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகின. சுமார் 1.3 டெராபைட் தரவு மறையாக்கம் செய்யப்பட்டுத் திறக்க முடியாமல் போயிற்று. ஏறத்தாழ இரண்டு வாரம் புறநோயாளிச் சீட்டு, சேர்க்கை, பரிசோதனை முடிவு எல்லாம் கையெழுத்தில் நடந்தன. அத்தனை பெரிய நிறுவனம் தட்டுத் தடுமாறியேனும் நடந்ததற்குக் காரணம், கையால் நடத்திப் பழகியவர்கள் அங்கே இன்னும் இருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு வார்டிலும் ஒரு பெட்டி வையுங்கள். அதில் வெற்றுப் படிவங்கள், கார்பன் தாள், தற்காலிக உள்நோயாளி (ஐ.பி.) எண்களின் பட்டியல், லேப் தொலைபேசி எண்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, உள்நோயாளிகளின் மருந்துப் பட்டியலையும் ஒவ்வாமையையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு அதில் போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு நாள், கூட்டம் குறைந்த மதியத்தில், கணினியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் நடத்திப் பாருங்கள். நாங்கள் முதல் முறை செய்தபோது பெட்டியில் பேனா இல்லை. சர்வர் வந்த பிறகு காகிதத்தில் உள்ளதை ஏற்றுவது யார் பொறுப்பு என்பதையும் அன்றே எழுதி வையுங்கள். அது யாருடைய வேலையும் இல்லை என்று விட்டால், சர்வர் நின்றிருந்த நேரம் நோயாளியின் வரலாற்றில் ஓட்டையாகவே இருக்கும்.

கேள்வி: எம்.ஆர்.டி. என்னும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஃபைல் எடுத்துக் கொடுக்கும் வேலை. எல்லாம் கணினிக்குப் போனால் எங்களுக்கு என்ன வேலை இருக்கும்?
— பதிவறை உதவியாளர், வேலூர்

பதில்: ரேக்குகள் போகும்; நீங்கள் போக வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெயர்களை அறிந்தவர் இல்லாமல் எந்த மென்பொருளும் இங்கே ஓடாது. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் "கே.எஸ்.எச்." போட்டு எழுதுவார், ஒருவர் "எக்ஸ்" போடுவார், இன்னொருவர் "டி.சி.எச்." போட்டு லெச்சுமி ஆக்குவார். இனிஷியல் திருமணத்துக்கு முன் அப்பாவுடையது, பின் கணவருடையது. ஆதாரில் அது விரிந்து முழுப் பெயராகி முன்னாலோ பின்னாலோ நிற்கும். கைப்பேசி எண் மகனுடையது. மகன் வேலைக்கு வெளியூர் போனால் மருமகனுடையது. ஆகவே ஒரே அம்மா மூன்று முறை வந்தால் மூன்று பதிவு எண். மத்திய அரசின் பதினான்கு இலக்கச் சுகாதார அடையாள எண்ணான ஆபா இதைத் தீர்க்கும் என்கிறார்கள்; ஓரளவு தீர்க்கும், ஆனால் அது கட்டாயமில்லை, அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களே அதிகம்.

எங்கள் பதிவறையில் ரேக் இருந்த இடத்தில் இரண்டு மேசைகள் போட்டு, ஃபைல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மூத்த ஊழியர் ஒருவரை உட்காரவைத்தோம். முந்தைய நாள் புதிதாகப் பதிவானவர்களின் பட்டியலைக் காலையில் வாசித்து, இரட்டை எண்களைக் கண்டுபிடித்து இணைப்பது அவர் வேலை. கணினியில் அதற்கென ஒரு தேடல் வசதி இருந்தது. அது கண்டுபிடித்தவற்றைவிட அவர் கண்டுபிடித்தவை கூடுதல். ஒரு நாள் பட்டியலில் விரலை வைத்து, "இந்த அம்மா போன வருஷம் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்தவங்க சார், அவினாசிப் பக்கம், அப்போ இனிஷியல் வேற" என்றார். பழைய எண்ணைத் திறந்து பார்த்தோம். முதல் பக்கத்திலேயே பென்சிலின் ஒவ்வாமை என்று சிவப்பில் இருந்தது. புதிய எண்ணில் அந்த இடம் காலி. அன்று பிற்பகலுக்கு அதே மருந்துக் குடும்பத்து ஊசி ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள். வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லி நிறுத்தினோம்.